பாய்மரப் படகுக்கு மதுரையில் பார்த்த ரேடியோ

மதுரையில் கடல் இல்லை. இது ஊரறிந்த விஷயம். இருந்தும் என் படகுக்கு எந்த ரேடியோ வாங்குவது, பெரிய கப்பல் வந்து மோதாமல் இருக்க என்ன கருவி வைப்பது என்பதையெல்லாம் நான் முடிவு செய்தது மதுரையில்தான். பினாங்கில் படகு வைத்திருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். பல் மருத்துவர். கணவர் கதிர் மதுரைப் பக்கத்துக்காரர். தண்ணீரோடு அவருக்குள்ள உறவு குளியலறை வாளியோடு முடிந்துவிடும். படகு என்னுடையது. இருபத்தைந்து அடி, ஒரு பாய், ஒரு சின்ன மோட்டார், என் மீது ஓயாமல் குறை சொல்லும் ஒரு சமையல் அடுப்பு.

போன மாதம் படகைக் கரையேற்றி, பாய்மரத்தைக் கழற்றிக் கீழே படுக்க வைத்திருந்தோம். மரம் கீழே இருக்கும்போதே அதற்குள் ஆன்டெனா வயரை ஓட்டிவிட வேண்டும். பட்டறைக்காரர் லிம் மலாயில் ஒரு செய்தி அனுப்பினார். “அக்கா, ஒரு வயரா, இரண்டு வயரா? வியாழன் சாயந்திரத்துக்குள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மரத்தை ஏற்றிவிடுவேன். அப்புறம் அழக்கூடாது.”

ஒரு வயர் என்றால், நல்ல ரேடியோ ஒன்று. அதன் திரையிலேயே சுற்றியுள்ள கப்பல்களின் பெயர், வேகம், போகும் திசை எல்லாம் தெரியும். நான் அவர்களைப் பார்க்கலாம். இரண்டு வயர் என்றால் கூடவே இன்னொரு பெட்டி. அது அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ‘நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் போகிறேன்’ என்று என் படகைப் பற்றி எல்லாக் கப்பலுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். கப்பலுக்கு மட்டுமல்ல. கையில் போன் வைத்திருக்கிற எவரும் வரைபடத்தைத் திறந்து நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு ஒரு வயர்தான் பிடித்திருந்தது. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவளுக்கு, ஏழாவது நாள் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் படகே வாங்கினேன்.

ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால், கொட்டுகிற மழையில், ஒரு சரக்குக் கப்பல் என்னைக் கல்லெறி தூரத்தில் கடந்து போனது. நான் அதைப் பார்த்துவிட்டேன். அது என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சின்ன வாக்கிடாக்கியில் சார்ஜ் இல்லை. அந்த இரும்புச் சுவர் போய் முடிகிறவரை நான் மூச்சே விடவில்லை. இதைக் கதிரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே படகு விற்பனைக்கு வந்துவிடும்.

இந்த நேரம் பார்த்து மாமனார் ஒத்தக்கடையில் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா வந்தது. கதிருக்கு லீவு கிடைக்கவில்லை. மருமகளாவது வந்தாக வேண்டும் என்றார்கள். பையில் பட்டுப் புடவையோடு ரேடியோ விளம்பரத் தாள்களையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போக வந்தது என் கொழுந்தன் செல்வம். அலங்காநல்லூரில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். வந்த வண்டி லோடு ஆட்டோ. பின்னால் நான்கு குழாய் ஸ்பீக்கர்கள் வாயைத் திறந்தபடி கிடந்தன. முன்னால் அவனுக்கும் எனக்கும் நடுவில் ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருந்தது.

“அதத் தள்ளிராதீக மதினி. நாளைக்கு அதுதான் பாடணும்” என்றான்.

வழியில் கறிதோசை வாங்கித் தந்தான். எங்கள் ஊர் நாசிகண்டார் கடையில் குழம்பு சோற்றின் மேல் வந்து விழும். இங்கே கறியே தோசையோடு ஒட்டிப் பிறந்திருக்கிறது. ஒன்றோடு எழுந்தவளை மதினி மரியாதை கருதி இன்னொன்று வைத்து உட்கார்த்திவிட்டான்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஸ்பீக்கர்கள் மொட்டை மாடியில் ஏறின. நாதஸ்வரம் மேலூர் ரோட்டில் போன பஸ்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். விழா முடிந்து எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்த பிறகு விளம்பரத் தாள்களை எடுத்துச் செல்வத்திடம் காட்டினேன். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அவன் படமும் எண்ணும் மட்டும் பார்த்தான்.

“எம்புட்டு வாட்ஸ்?”

“இருபத்தஞ்சு. கையில வச்சுக்கறது அஞ்சு.”

“வாட்ஸ விடுங்க மதினி. கம்பி எம்புட்டு ஒசரத்துல இருக்கும்?”

பாய்மரத்தின் உச்சியில் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. கார்ட்லெஸ் மைக்கின் ரிசீவரைத் தரையில் வைத்தால் கல்யாண வீட்டில் பாதிப் பேச்சு கரகரவென்றுதான் வருமாம். அதையே தூக்கிப் பீரோ மேல் வைத்தால் மணி மாதிரி கேட்குமாம். “கையில வச்சிருக்கது சும்மா பந்தாவுக்கு. உச்சியில கம்பிய வையிங்க, கப்பக்காரன் காதுல போய் விழுகும்.” பினாங்கில் ஒரு கடைக்காரர் முக்கால் மணி நேரம் கணினியில் வரைந்து காட்டியதை இவன் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டான். ரேடியோ பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. மிச்சம் இருந்தது அந்த இரண்டாவது வயர்.

செவ்வாய்க்கிழமை நான் செய்த காரியத்துக்கு என்னை நானே குட்டிக்கொள்ள வேண்டும். மாமாவுக்குப் பொழுது போகவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் நாற்பது வருடம் கரும்பும் நெல்லும் போட்டவர், புது வீட்டில் ஃபேன் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. கப்பல்களைக் காட்டும் வரைபடத்தை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

“இதுல மதுரை எங்கம்மா இருக்கு?”

காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். “ஒரு கப்பலயும் காணோமே.”

“மதுரையில கடல் இல்லையே மாமா.”

“அது தெரியாமயா? சும்மா பாத்தேன்.”

தூத்துக்குடிக்கு நகர்த்திவிட்டேன். அங்கே கலர் கலராகப் புள்ளிகள். ஒன்றைத் தொட்டால் பெயர் வந்தது, எங்கிருந்து வருகிறது என்று வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மதியத்துக்குள் ஒரு கப்பலைத் தத்தெடுத்துவிட்டார். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது அது. “காலையில இருந்து நகரவே மாட்டேங்குறான். என்ன கேடு இவனுக்கு?” என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரும் வந்து பார்த்துக் கவலைப்பட்டார். நாலு மணிக்கு “கெளம்பிட்டான்! கெளம்பிட்டான்!” என்று போட்ட சத்தத்தில், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அத்தை பதறிக் கீழே இறங்கி வந்தார்கள்.

அத்தை அதிகம் பேச மாட்டார்கள். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பினாங்குக்கு நகர்த்தச் சொன்னார்கள். எங்கள் நீரிணையில் புள்ளிகள் மொய்த்தன.

“இதுல ஓம் படகு எது?”

“என் படகு வராது அத்தை. அதுக்கு வேற பெட்டி வாங்கணும்.”

“அப்ப நீ போறது வாறது ஒருத்தருக்கும் தெரியாது?”

“தெரியாது.”

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அது கண்டிப்பா, பொறாமையா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை செல்வம் அலங்காநல்லூருக்குப் போனான். நானும் பைக்கில் தொற்றிக்கொண்டேன். கரும்புக் காட்டுக்கு நடுவே நல்ல ரோடு, நல்ல காற்று. எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ். செல்வம் அதன் இடது பக்கமாக ஏறினான். எங்கள் ஊரில் இடது பக்கம் முந்தினால் சம்மன் வரும். இங்கே வந்தது பஸ்ஸே. முன்னால் நிறுத்தம் இருந்தது. டிரைவர் வண்டியை நிதானமாக ஓரம் கட்டினார். நாங்கள் இருக்கிற ஓரத்தில்.

நான் அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதன் பச்சைப் பெயின்ட் பக்கத்தில் வந்தது, ஜன்னலில் ஒரு கை முறுக்கைப் பிடித்திருந்தது, எல்லாம் தெரிந்தது. செல்வம் ஹாரனை அமுக்கினான். பஸ்ஸின் ஹாரனுக்கு முன்னால் அது எடுபடவில்லை. கடைசியில் பைக் ரோட்டைவிட்டு இறங்கி, யாரோ போட்டு வைத்திருந்த வைக்கோல் போரில் மூக்கை நுழைத்து நின்றது. நாங்களும் கூடவே நுழைந்தோம்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் பஸ்ஸே காலியாகி இறங்கி வந்துவிட்டது. ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒரு அம்மா என் தலையிலிருந்து வைக்கோலைப் பொறுக்கிக்கொண்டே, “எந்த ஊருத்தா நீ? கல்யாணம் ஆயிருச்சா?” என்று விசாரித்தார். பினாங்கு என்றதும், “அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தா இந்தப் படப்புல விழுந்த?” என்று அங்கலாய்த்தார். தப்பு யார் மீது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள்.

டிரைவர் வந்தார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் வெளிறிப்போயிருந்தார்.

“நான் உங்களப் பாக்கவே இல்ல தாயி. சத்தியமாப் பாக்கல.”

“நாங்க உங்களப் பாத்தோமேண்ணே” என்றேன் அசட்டுத்தனமாக.

“நீங்க பாத்து என்னத்தா செய்ய? பத்து டன்னு வண்டி எங்கைலல்ல இருக்கு!”

அதைக் கேட்டதும் வைக்கோல் போரில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்கு முன்னால் நின்றது பஸ் இல்லை. மழையும் அந்த இரும்புச் சுவரும்தான். மூன்று மாதமாக நல்லபடியாகத் தப்பித்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பித்ததில் என் சாமர்த்தியம் ஒன்றுமே இல்லை. சோடா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லோரும் விழுந்த பயம் என்று நினைத்தார்கள்.

விஷயம் எங்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மாமா வாசலில் நின்றார். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏம்மா, கப்பலுக்கு இருக்க மாதிரி ஆளுகளுக்குப் புள்ளி கெடையாதா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வம், “இருக்குப்பா” என்றான். அரை மணி நேரத்தில் அவன் போன், என் போன், அத்தை போன் மூன்றும் மாமாவின் போனில் புள்ளிகளாகிவிட்டன. “இனிமே யாரு எங்க இருக்கீகன்னு எனக்குத் தெரிஞ்சுரும்” என்று மாமா நிம்மதியாகச் சாய்ந்தார். அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி சட்டென்று நின்றது.

வியாழக்கிழமை காலை அத்தை என்னை மாடிக்கு வரச் சொன்னார்கள். போனை முந்தானையில் சுற்றி, சூடான பாத்திரத்தைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தார்கள்.

“அந்தக் கப்பப் பெட்டிய அணச்சு வைக்க சுவிச்சு உண்டா?”

“உண்டு அத்தை. விலை கூடினதுல வருது. பேசுறத நிப்பாட்டிட்டு, கேக்கிறத மட்டும் செய்யும்.”

“இதுக்கு?”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வியாழக்கிழமைதோறும் அத்தை வில்லாபுரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொள்ளப் போகிறார்கள். அப்படித்தான் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் வழியில் தெப்பக்குளம் நிறுத்தத்திலேயே பஸ்ஸைவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அவித்த கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, கல் சுவரில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தண்ணீரைப் பார்க்கிறார்கள்.

“அங்க யாரு அத்தை இருக்கா?”

“யாரும் இல்ல. அதுக்குத்தான் போறேன். ‘ஏத்தா’ன்னு கூப்புட ஒரு நாதி இருக்காது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் குடும்பத்தில் என் ஜாதி ஒருவர் இருப்பது ஒன்பது வருடம் கழித்துத் தெரிகிறது. நான் வந்து கெடுத்து வைத்ததை நானே சரிசெய்வது என்று முடிவு செய்தேன். போனில் புள்ளியை அணைத்தால் மாமா கேட்பார். ஆகவே புள்ளி வில்லாபுரம் போகட்டும், அத்தை தெப்பக்குளம் போகட்டும் என்று திட்டம் போட்டேன்.

இருவரும் ஆட்டோவில் கிளம்பினோம். வழியில் அந்தச் சரக்குக் கப்பல் கதையை அத்தையிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது வயர் வேண்டாம் என்று நினைத்த காரணத்தையும் சொன்னேன். படகை வித்துரு என்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

“கூறு கெட்டவளே” என்றார்கள். “கப்பக்காரன் கண்ணுல படாட்டிச் செத்துப் போவ. வீட்டு ஆளுக கண்ணுல பட்டா என்ன, ரெண்டு கேள்வி கேப்பாக. அம்புட்டுத்தானே? சுவிச்சு வச்சதா வாங்கு.” தெப்பக்குளத்தில் இறங்கி, தன் போனை என் பையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

வில்லாபுரத்தில் சின்னத்தைக்கு என்னைப் பார்த்து ஒரே ஆச்சரியம். “எங்கக்கா வரலையா? அவ இங்கிட்டு வந்து எம்புட்டு நாளாச்சு!” என்றபடி பணியாரம் சுட உட்கார்ந்தார்கள். ஐந்தாவது பணியாரத்தில் என் போன் அடித்தது. மாமா.

“ஏம்மா, ரெண்டு புள்ளியும் வில்லாபுரத்துல நிக்குதே?”

“ஆமா மாமா. சின்னத்தை வீட்டுலதான் இருக்கோம்.”

“அவ அங்க போறதே இல்லையே.”

பணியாரம் என் தொண்டையில் நின்றுவிட்டது. மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வருசக் கணக்காத் தெரியும்மா. ஒருக்கா பின்னாடியே போயிப் பாத்தேன். கடலயத் தின்னுக்கிட்டுத் தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தா. மொகத்துல அப்பிடி ஒரு அமைதி. எதுக்குக் கெடுக்கணும்னு வந்துட்டேன். ஆனா அந்த முட்டிய வச்சுக்கிட்டு பஸ்ஸுல ஏறி எறங்குறா பாரு, அதுதான் எனக்குப் பயம். தெப்பக்குளத்துல புள்ளி நின்னுருச்சுன்னா நான் பாட்டுக்கு என் கப்பலப் பாக்கப் போயிருவேன். இப்பப் போன ஒங்கிட்டக் குடுத்துட்டு வெறுங்கையோட போயிருக்காளே!”

சின்னத்தை கூப்பிடக் கூப்பிட ஓடிவந்து ஆட்டோ பிடித்தேன். கீழே எங்கேயாவது விழுந்திருந்தால், யாரைக் கூப்பிடுவார்கள், எதை வைத்துக் கூப்பிடுவார்கள் என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. அத்தை சுவரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடு மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் பளபளத்தது. மடியில் கடலைத் தோல் குவிந்திருந்தது.

“என்ன, மாட்டிக்கிட்டமா?”

தனக்குத் தெரியும் என்பதை அத்தையிடம் சொல்லக் கூடாது என்று மாமா போனை வைக்கும்போது சொல்லியிருந்தார். “இல்ல அத்தை. கையில இருக்கட்டும். மாமா கேட்டா நான் பாத்துக்கறேன்” என்று போனை அவர்கள் பக்கத்தில் வைத்தேன். எனக்கும் ஒரு கை கடலை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்தே லிம்முக்கு எழுதினேன். இரண்டு வயர். ரேடியோ ஆன்டெனா உச்சியில். பெட்டியில் சுவிட்ச் இருக்க வேண்டும். அவரிடமிருந்து பதில் உடனே வந்தது. “நல்லது அக்கா. ஒன்று போதும் என்று சொல்லியிருந்தால் நானே இரண்டு போட்டிருப்பேன்.”

அன்று சாயந்திரம் மாமாவிடமும் உண்மையைச் சொன்னேன். மழை, கப்பல், கதிரிடம் மறைத்தது, யார் கண்ணிலும் படாமல் இருக்க ஆசைப்பட்டது, எல்லாம். கதிரிடம் இன்றைக்கே சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்து வரைபடத்தைத் திறந்தார்.

“படகு பேரு என்ன?”

சொன்னேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. இனிமேல்தான் பெட்டியை மாட்டுவார்கள், அப்புறம்தான் தெரியும் என்றேன்.

“வரட்டும்” என்றார். “நீ நங்கூரம் போடுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பேன். போட்டதும் போனக் கீழ வச்சுருவேன்.”